தண்டவாளம் போகும் வழியில் இத்தாலி

ஃபுளோரன்ஸில் வாடகைக் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய பயணிக்கு, சில மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வந்து சேர்வது அபூர்வமில்லை. இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் அனுமதி இல்லாத வண்டிகள் நடுப்பகுதிக்குள் நுழையக் கூடாது. ‘இசட்.டி.எல்.’ என்று அழைக்கப்படும் இந்த எல்லைகளில் பெரும்பாலும் காவலர் நிற்பதில்லை. ஒரு பலகையும் ஒரு கேமராவும்தான். தெரியாமல் இரண்டு முறை நுழைந்தால் அபராதமும் இரண்டு. வெனிஸில் அந்தக் கவலைகூட இல்லை. பியாட்சாலே ரோமா என்ற இடத்தோடு சாலையே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நடை, இல்லாவிட்டால் படகு.

ஆகவே முதல் பயணத்துக்குக் கார் இல்லாதது குறையே அல்ல. ரயில் நிலையங்களை வைத்துத் திட்டம் போட்டால் போதும்.

ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையிலான அதிவேகப் பாதையின் முதல் பகுதி 1977-லேயே திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதுதான் முதல் அதிவேகப் பாதை. இன்று அந்தத் தூரத்தைக் கடக்க சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. ஃபுளோரன்ஸிலிருந்து வெனிஸுக்கு இரண்டேகால் மணி, ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். அரசின் ட்ரெனித்தாலியா ஓட்டும் ‘ஃபிரெச்சாரோஸ்ஸா’ ரயில்களோடு, 2012 முதல் ‘இத்தாலோ’ என்ற தனியார் ரயிலும் போட்டி போடுகிறது. இரண்டும் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகக்கூடியவை. விமான டிக்கெட் போலவே இவற்றிலும் முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு, கடைசி நேரத்தில் கூடுதல்.

இந்தியப் பயணிகளுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. மலிவான டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. ஷெங்கன் விசாவோ கையில் வரும்வரை உறுதியில்லை. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதை முதலில் முடித்துவிட்டு ரயில் டிக்கெட் வாங்குவதே புத்திசாலித்தனம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தையும் இழக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகை ரயில், சிற்றூர்கள்தோறும் நின்று போகும் ‘ரெஜியோனாலே’. இதற்கு முன்பதிவு அவசரமே கிடையாது. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இன்று வாங்கினாலும் அடுத்த மாதத்துக்கு வாங்கினாலும் ஒன்றுதான். இருக்கை எண்ணும் இல்லை, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். ஆனால் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ரயிலில்தான். காகித டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. நடைமேடை அருகில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் அச்சாகிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் ஏறும் முன் கைபேசியில் செக்-இன் செய்ய வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்திருந்தும், இதைச் செய்யாதவருக்குப் பரிசோதகர் அபராதம் போடலாம்.

நிலையத்தின் முழுப் பெயரைக் கவனிக்காவிட்டாலும் அலைச்சல்தான். வெனிஸில் கால்வாய்க் கரையில் கொண்டு இறக்குவது சாந்தா லூசியா. மெஸ்த்ரே நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நோவெல்லாவில் இறங்கினால் பேராலயம் நடக்கும் தூரத்தில்.

பத்து நாள் விடுமுறையில் ஏழு ஊர் பார்க்க நினைப்பவர்கள் பெட்டியைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்றே ஊரில் தங்கி, அங்கிருந்து பகல் பயணங்களாகப் போய் வருவது நல்லது. விமானத்தில் ரோமில் இறங்கி வெனிஸிலோ மிலானிலோ ஏறினால், வந்த வழியே திரும்பும் அலைச்சலும் மிச்சம்.

ரயிலுக்கென்றே அமைந்தது போன்ற இடம், வடமேற்குக் கடற்கரையில் உள்ள சிங்க்வே தெர்ரே. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து கிராமங்கள். லா ஸ்பெட்சியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையே ஓடும் ரயில், சுரங்கத்துக்குள் புகுந்து புகுந்து சில நிமிடங்களுக்கு ஒரு கிராமத்தில் நிற்கிறது. காரில் போனால் குறுகிய மலைச்சாலை, பிறகு வண்டி நிறுத்த இடம் தேடும் பாடு. ரயிலில் போவோருக்கு ஐந்தில் கோர்னீலியா மட்டும் விதிவிலக்கு: நிலையம் கீழே, ஊர் உச்சியில், நடுவே 382 படிகள். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிறு பேருந்து உண்டு.

தெற்கே, நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோ போகும் ‘சிர்க்கும்வெசுவியானா’ ரயில் பழையது, நெரிசலானது. ஆனால் பொம்பெய் இடிபாடுகளின் வாசலுக்கு அருகிலேயே நிற்கும். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ரயிலே நல்லது என்பதும் சரியல்ல. ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்குப் பேருந்தே வசதி. அது பழைய நகரத்தை ஒட்டி இறக்கிவிடும், ரயில் நிலையமோ மலையடிவாரத்தில் இருக்கிறது. கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமின்யானோவில் ரயில் நிலையமே இல்லை. பொஜிபொன்சியில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும்.

இடையில் வேலைநிறுத்தம் வந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச வட்டார ரயில்களை ஓட்டியாக வேண்டும் என்பது விதி. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே அந்த ஊருக்கு வந்துவிடுவது பாதுகாப்பு.

நாள் கூடுதலாக இருப்பவர்கள் சிசிலி ரயிலைத் தவறவிடக் கூடாது. வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். மெஸ்ஸினா நீரிணையைப் பயணிகளோடு கடந்து, அக்கரையில் மீண்டும் தண்டவாளத்தில் ஓடுகிறது ரயில்.

கார் இல்லாமல் உண்மையிலேயே சிரமப்படும் இடங்களும் உண்டு. சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நிற்கும் தஸ்கனியின் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் பேருந்துகள் குறைவு. அதை இரண்டாம் பயணத்துக்கு ஒதுக்கிவைத்து, அப்போது இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு போகலாம்.