ஒரு பூஜ்யம் தொலைந்தால் என்ன ஆகும்?

மாணவர்களே, உங்கள் அடையாள அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர் என்றால், உங்கள் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும். 2006 மார்ச் 7ஆம் தேதி பேராவில் பிறந்தவரின் எண் 060307-08 என்று ஆரம்பிக்கும். நடுவில் உள்ள 08 பேராவைக் குறிக்கிறது.

இதைக் கணினி வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால், முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று விட்டுவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். பிறகு சரியான எண்ணைக் கொடுத்துத் தேடினாலும் அந்த ஆள் அகப்படமாட்டார்.

இத்தகைய தவறுகள் நுழைய நல்ல வாய்ப்புள்ள வேலை ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பழைய தரவுத்தளத்திலிருந்து புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை அது.

ஏன் மாற்ற வேண்டும்?

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள் அவரிடம் இன்னும் ஓடுகிறது. ஆனால் மைக்ரோசாப்ட் நிறுவனம் விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை 2015 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

இதற்கிடையில், 2024 ஆகஸ்ட் 1 முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் முறையைக் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தி வருகிறது. முதலில் ஆண்டு வருவாய் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள். அடுத்தடுத்து அவற்றைவிடச் சிறியவை. விலைப்பட்டியலை எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவில் கணினி வழியே அனுப்ப வேண்டும். பழைய மென்பொருளால் அது முடியாவிட்டால், கடைக்காரர் மாறித்தான் ஆக வேண்டும்.

எங்கே சறுக்கும்?

தகவலை நகலெடுப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனிப் பழக்கங்கள் உண்டு. சாதாரண அமைப்பில் மைஎஸ்கியூஎல், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிய ‘குமார்’, சிறிய எழுத்தில் எழுதிய ‘குமார்’ இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். நேற்று வரை கிடைத்த வாடிக்கையாளர் இன்று கிடைக்காமல் போவது இதனால்தான்.

நம்மவர் பெயர்களுக்கு இன்னொரு சோதனை. ‘சுப்ரமணியம் ஏ/எல் பாலகிருஷ்ணன்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுத, இடைவெளியையும் சேர்த்து 28 இடங்கள் வேண்டும். புதிய தரவுத்தளத்தில் பெயருக்கு 25 இடம் மட்டும் ஒதுக்கினால் தந்தை பெயரின் கடைசி மூன்று எழுத்து வெட்டுப்படலாம். சம்பளக் கணக்கிலும் சேமநிதிக் கணக்கிலும் பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் எத்தனை அலைச்சல் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கிராணியார் காட்டிய வழி

பேராவில் பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்த தாத்தா, பாட்டியிடம் செக்ரோல் பற்றிக் கேளுங்கள். காலைப் பெரட்டில் பெயர் பதிவாகும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பது ஏட்டில் ஏறும். மாதச் சம்பளம் அதை வைத்துத்தான். ஏட்டில் பெயர் விடுபட்டால் கூலியும் விடுபட்டது.

ஓர் ஏட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை எழுதும்போது என்ன செய்ய வேண்டும்? ஆட்களை எண்ண வேண்டும். அடியில் உள்ள கூட்டுத்தொகை இரண்டு ஏட்டிலும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தரவுத்தளத்திலும் இதே வேலைதான். பழையதில் எத்தனை வரிசைகளோ, புதியதிலும் அத்தனை இருக்க வேண்டும். பாக்கித் தொகையின் கூட்டல் ஒரு சென் பிசகக் கூடாது. அதன் பிறகு சில வாடிக்கையாளர்களின் கணக்கை மட்டும் எடுத்து, வரிக்கு வரி கண்ணால் ஒப்பிட வேண்டும். மொத்தம் சரியாக இருந்தாலும் ஒருவரின் கடன் இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கலாம்.

இரண்டு பெரிய பாடங்கள்

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தகவல்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு திணறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் கண்காணிப்பு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

அமேசான் நிறுவனமோ தன் வாணிபப் பிரிவில் இருந்த ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களைச் சில ஆண்டுகள் எடுத்து, பகுதி பகுதியாக மாற்றியது. 2019இல் அந்த வேலை முடிந்தது. முதலில் ஒத்திகை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம், கோளாறு வந்தால் பழையதற்குத் திரும்ப ஒரு வழி. ஈப்போ மளிகைக் கடைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலோ கம்பார் யுடார் பல்கலைக்கழகத்திலோ கணினித் துறையில் படிப்பவர்கள் மட்டுமல்ல, படிவம் நான்கு மாணவர்கூட இதை முயன்று பார்க்கலாம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கற்பனைப் பெயர்கள் 50 கொண்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இருக்கட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள எண்ணும், 05000 என்ற அலோர்ஸ்டார் அஞ்சல் குறியீடும் இருக்கட்டும். தமிழில் எழுதிய சில பெயர்களையும் சேருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு, எது தொலைந்தது என்று தேடுங்கள்.

கூட்டிக் கழித்துக் கணக்குப் போடாத எதையும் எண்ணாகச் சேமிக்கக் கூடாது, எழுத்தாகவே சேமிக்க வேண்டும் என்பது அப்போது தானாகப் புரியும். கணினிக்கு அந்தப் பூஜ்யம் மதிப்பில்லாததாக இருக்கலாம். அதற்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கு அது அவருடைய அடையாளத்தின் முதல் எழுத்து.