இரண்டு சாக்ஸபோன்கள், ஒரு பாடம்

தேத்தண்ணி ஆறுவதற்குள் குடியுங்கள் தம்பி, சொல்கிறேன். பதுளையில் பாண்டில் சாக்ஸபோன் வாசிக்கிற பிள்ளைகள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்: இந்த வெள்ளைக்காரர் வாத்தியத்தை வைத்து நம்மால் எதுவரைக்கும் போக முடியும்? ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பா போன தூரத்தைப் பாருங்கள்.

1971இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தவர். குடும்பம் கர்நாடகத்திலிருந்து போனது. அவரை இழுத்தது சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ஜாஸ். முகத்தைப் பார்த்தவர்கள் இவருக்கு இந்திய சங்கீதம் தெரிந்திருக்கும் என்றே நினைத்தார்கள். அவருக்கோ அது தெரியாது. பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் அண்ணன் வேடிக்கையாக ஓர் இசைத்தொகுப்பைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் நீங்கள் கேட்ட சாக்ஸபோன் அவருடையதுதான்.

சாக்ஸபோனில் கர்நாடக இசையைக் கொண்டுவந்து கோபால்நாத் செய்தது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? நாதஸ்வரத்தில் விரல் நேரடியாகத் துளையின் மேல் இருக்கிறது. பாதி மூடினால் ஸ்வரம் வழுக்கும், அசையும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே கீ இருக்கிறது. மூடும், இல்லையென்றால் திறக்கும். ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரித் தனித்தனியாக நிற்கும். அவற்றை இழைத்துக் கமகம் கொண்டுவர, ரீடை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும் மூச்சை அளந்தும் வாசிக்க வேண்டும். நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர், அதற்காகப் பல வருடம் உழைத்தார்.

ஜாஸிலும் கற்பனை உண்டு, ஆனால் வழி வேறு. நம் வித்துவான் ஒரே ராகத்துக்குள் நின்று விரித்துக்கொண்டே போவார். ஜாஸ் கலைஞருக்கோ அடியில் கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற ஒவ்வொன்றுக்கும் பொருந்த அந்த நிமிடமே புது மெட்டுக் கட்ட வேண்டும்.

ஜாஸில் தேர்ந்து, சொந்தமாக இசைத்தொகுப்புகளும் வெளியிட்ட பிறகு, 2007இல் குகன்ஹைம் நல்கை பெற்று ருத்ரேஷ் கர்நாடக இசையைப் படித்தார். கோபால்நாத்தோடு சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' என்ற இசைத்தொகுப்பு 2008இல் வந்தது. அதில் கலைஞர் கன்யாகுமாரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உண்டு. 2016இலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்று இளையவர்களுக்குப் படிப்பிக்கிறார்.

இந்த வாழ்க்கையில் நான் மதிப்பது இதைத்தான்: பிறப்பால் தனக்கு ஒரு சங்கீதம் வந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. பெயர் வாங்கிய பிறகும் உட்கார்ந்து படித்தார். அப்படிப்பட்டவரிடம் படிக்கிற பிள்ளைக்குப் பாடத்தோடு அந்தப் பணிவும் சேர்ந்து கிடைக்கும்.

நமக்கும் இது பொருந்தும். காமன் கூத்து ஆட்டத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்கிறோம் என்பதால் அந்த அடி நமக்குத் தெரிந்ததாகிவிடாது. அவர்களில் ஒருவரிடம் போய், ஓர் அடியை மெதுவாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் கையால் தட்டிப் பழகுங்கள். கணக்குப் பிடிபட்ட பிறகு சாக்ஸபோனில் ஒரே ஸ்வரத்தை வைத்து அதை வாசியுங்கள். மெட்டுக் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.