பாதியில் அறுந்த தமிழ்ச் செய்தி

பைத்தன் மொழியில் ஓர் உரையாடல் நிரல் எழுதுகிறீர்கள். இரண்டு மடிக்கணினிகள் யுடிபி முறையில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. தேக்கா சந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பத்தி முழுதாகப் போய்ச் சேர்கிறது. அதையே தமிழில் அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

பைட் கணக்கு

கணினி எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘சிங்கப்பூர்’ நம் கண்ணுக்கு 6 எழுத்துகள். கணினியோ ‘சி’யை ‘ச’ என்றும் இகரக் குறி என்றும் பிரிக்கும். மெய்யெழுத்தின் புள்ளியையும் தனியாக எண்ணும். ஆக 11 குறிகள், 33 பைட். ஆங்கிலத்தில் 9 பைட்தான்.

பாத்திரம் போதாதபோது

செய்தியைப் பெறும் கட்டளையில் பலரும் 1024 என்று எழுதுவார்கள். பெற்றுக்கொள்ளும் பாத்திரத்தின் அளவு அது. டிசிபி முறை தண்ணீர்க் குழாய் போன்றது. பாத்திரம் நிறைந்தாலும் மீதி குழாயிலேயே இருக்கும், அடுத்த முறை பிடிக்கலாம். யுடிபியில் ஒவ்வொரு செய்தியும் தனிப் பொட்டலம். பாத்திரத்தில் கொள்ளாதது போனது போனதுதான்.

சோதித்துப் பாருங்கள். ‘சிங்கப்பூர்’ என்பதை இடைவெளியின்றி 40 முறை அனுப்பினால் 1,320 பைட். 1024 பைட் பாத்திரத்தில் 31 முறை முழுதாக அடங்கும். அதற்கு 1,023 பைட். கடைசி பைட், அடுத்த ‘ச’வின் மூன்றில் ஒரு பங்கு! லினக்ஸ் கணினி வெட்டியதைச் சொல்லாது. பிறகு பைட்டுகளை எழுத்தாக மாற்றும் வரியில்தான் பிழை தோன்றும். தமிழ் எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து, தவறான இடத்தில் தேடத் தொடங்குவோம். விண்டோஸ், செய்தியைப் பெறும்போதே 10040 என்ற பிழை எண்ணைக் காட்டிவிடும்.

பாத்திர அளவை 65,535 ஆக்கினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் வழியில் இன்னொரு வரம்பு உண்டு. வழக்கமான வலையமைப்புப் பொட்டலம் 1,500 பைட். தலைப்புகளுக்கு 28 போக, செய்திக்கு 1,472. அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுச் செய்தியும் வராது. ஆகவே, செய்தி குறைந்து வந்தால் பாத்திரத்தைச் சோதியுங்கள். பெரிய செய்திகள் மட்டும் அடியோடு வராவிட்டால் பாதையைச் சோதியுங்கள்.

டிஎன்எஸ் காட்டும் வழி

‘.சிங்கப்பூர்’ என்று முடியும் தமிழ் இணைய முகவரிகளுக்கு 2011ஆம் ஆண்டில் வழி பிறந்தது. எந்த முகவரியைத் தட்டினாலும் உங்கள் திறன்பேசி, அது எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று டிஎன்எஸ் சேவையகத்திடம் பெரும்பாலும் யுடிபி வழியே கேட்கும். 1987ஆம் ஆண்டு விதிப்படி பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ‘வெட்டப்பட்டது’ என்ற அடையாளத்தோடு பதில் வரும். திறன்பேசி டிசிபி வழியே மீண்டும் கேட்டுக்கொள்ளும்.

1999ல் பெரிய பதில்களுக்கும் வழி செய்யப்பட்டது. ஆனால் துண்டாகும் தொல்லை தொடர்ந்ததால், 2020 முதல் 1,232 பைட் பரிந்துரைக்கப்படுகிறது. ஐபிவி6 பாதை எதுவும் 1,280 பைட் பொட்டலத்தைத் துண்டாக்காமல் கடத்தியாக வேண்டும்; தலைப்புகளுக்கு 48 போனால் மீதி 1,232.

செய்தி வெட்டுப்படுவதைவிட, வெட்டுப்பட்டது தெரியாமல் போவதே ஆபத்து. உங்கள் நிரலிலும் செய்தியின் தொடக்கத்தில் மொத்த பைட் எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள். வந்தது அதைவிடக் குறைவென்றால் நிரலே மீண்டும் கேட்கட்டும். நீண்ட செய்திகளுக்கு டிசிபியைப் பயன்படுத்தட்டும்.