இல்லாத கை வலிக்குது! கண்ணாடியை வைத்து வலியை விரட்டிய ஸ்டான்லி டாக்டர்

ராயபுரம்:

பிரஸ் மெஷினில் சிக்கி கை போய்விட்டது. காயமும் ஆறிவிட்டது. ஆனாலும், "விரல் மடங்கிக்கிச்சு, நகம் உள்ளங்கையில குத்துது" என்று ராத்திரியெல்லாம் புலம்பல். எந்தக் கை? இல்லாத கை!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பட்டறையில் கை இழந்த தொழிலாளி இப்படிச் சொன்னால் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். "மூளை குழம்பிப்போச்சு" என்பார்கள்.

குழப்பம் இல்லை, நிஜ வலிதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் போன சிப்பாய்களிடம் இதைக் கண்ட டாக்டர் வெய்ர் மிட்செல், 1871-ல் "பேய் உறுப்பு" என்று பெயரே வைத்துவிட்டார். வைத்தியம்தான் சரியாகக் கிடைக்கவில்லை.

கஞ்சித்தொட்டி மாணவர்

அதற்கு வழி சொன்னவர் நம்ம கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில், அதாவது ஸ்டான்லியில், டாக்டருக்குப் படித்தவர். பெயர் வி.எஸ்.ராமச்சந்திரன். 1951-ல் பிறந்தவர். அரசியல் சட்டம் எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். ஸ்டான்லி முடித்து கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி.

கன்னத்தில் கட்டைவிரல்!

கை இழந்த ஒரு வாலிபரின் கண்ணைக் கட்டினார். பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்திலும் தெரியுது, போன கையின் கட்டைவிரலிலும் தெரியுது" என்றார் வாலிபர்!

காரணம் இதுதான். மூளையில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அடுத்தடுத்த வீடு. கை காலி செய்த வீட்டில் முகம் குடியேறிவிடுகிறது. வளர்ந்த மூளை மாறவே மாறாது என்று பலர் நம்பிய காலம் அது.

பெட்டி வைத்தியம்

அடுத்தது கண்ணாடி. மூடியில்லாத பெட்டி, நடுவில் நிற்கவைத்த கண்ணாடி. ஒரு பக்கம் நல்ல கை, மறு பக்கம் துண்டான கை. கண்ணாடியில் நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தால், போன கை திரும்பி வந்தாற்போல் இருக்கும். நல்ல கையை மூடி மூடித் திறந்தால், மடங்கிக் கிடந்த "பேய்க் கை"யும் விரிகிறது! வலி குறைகிறது. ஆபரேஷன் இல்லை, மாத்திரை இல்லை.

1996-ல் இந்த முடிவுகள் வெளியாயின. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கும் இந்தப் பயிற்சி தரப்படுகிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007-ல் பத்மபூஷண் கிடைத்தது.

ஐஸ் உஷார்!

அதே ஸ்டான்லியில் கை ஆபரேஷனுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கியது. துண்டான விரலை நேராக ஐஸில் போட்டு எடுத்துவரக் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும்.