உளநூல் ஆராய்ச்சியில் இடம் பெறுதல்

மனோதத்துவம் என்றும் வழங்கும் உளநூலில் டாக்டர் பட்டம் பெற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடும் மாணவர், தேர்வுப் புள்ளிகளே போதும் என்று எண்ணிவிடுதல் கூடாது. அங்குப் பல துறைகளில் மாணவரைத் தெரிந்தெடுத்துத் தம் ஆய்வுக்கூடத்தில் இடமளிப்பவர் பேராசிரியரே ஆவார். அவர் வரும் ஆண்டில் புதியவரை ஏற்பதாக இல்லையெனில், எத்துணைச் சிறந்த மாணவரும் அவரிடம் விண்ணப்பித்துப் பயனில்லை. ஆதலின் முன்கூட்டியே அவருடைய ஆய்வுகளைப் படித்து, இடம் உண்டா என எழுதிக் கேட்டல் நன்று.

ஆசிரியர் ஏற்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையாரின் வரலாறு சான்றாகும். வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்துவந்த அவரை, அக்கல்லூரி உளநூல் கற்பிக்குமாறு வேண்டியது. அதனைப் பயிலும்பொருட்டு 1890இல் அவர் ஹார்வர்டை அணுகினார். பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் மனமுவந்து ஏற்றார்; பல்கலைக்கழகத் தலைவர் எலியட்டோ ஆடவருடன் பெண்டிர் பயில்வதை விரும்பவில்லை. தந்தையார் விண்ணப்பித்த பின்னர், வகுப்பில் விருந்தினராக அமரலாம், மாணவராகப் பதிவு செய்ய இயலாது என்று விடை வந்தது. ஜேம்ஸின் வகுப்பிலிருந்து ஏனையோர் விலகிவிடவே, ஆசிரியரும் மாணவியும் மட்டுமே எஞ்சினர். அதனினும் சிறந்த வகுப்பு வேறு கிடைத்திருக்குமோ! பின்னர் மூன்ஸ்டர்பர்கின் ஆய்வுக்கூடத்தில், வண்ணங்களையும் எண்களையும் இணை இணையாகக் காட்டி நினைவாற்றலை அளக்கும் முறையை அவர் வகுத்தார். 1895இல் பேராசிரியர்கள் அவரைத் தேர்ந்து, பட்டத்துக்கு உரியவர் என ஒருமனதாக உரைத்தனர். ஆயினும் ஹார்வர்டு பட்டம் வழங்க மறுத்தது. 1902இல் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் பெயரால் பட்டம் தர முன்வந்தபோது, தாம் பயின்றது ஹார்வர்டிலே என்பதால் அம்மையார் அதனை ஏற்கவில்லை. 1905இல் அமெரிக்க உளநூல் கழகத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. அப்பதவியேற்ற முதற் பெண்மணி அவரே.

அத்தடை இன்றில்லை. எனினும் பேராசிரியர் விரும்பும் மாணவரையும் துறைக்குழு ஒப்பவேண்டும். பொதுத் தகுதித் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் 2020க்குப் பின் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆகையால் மாணவர் எழுதும் நோக்க உரையும், வழக்கமாகக் கேட்கப்படும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் கூடுதல் கவனம் பெறுகின்றன.

நோக்க உரையில் பலர் தம் மனத்துயரத்தை விரித்து எழுதுகின்றனர். சேர்க்கைக் குழுத் தலைவர்களை வினவி ஆப்பிள்பி என்னும் பெயருடைய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இதனை விண்ணப்பத்தைக் கெடுக்கும் பிழைகளுள் ஒன்றாகக் காட்டுகின்றது. எவ்வினாவை ஆராய விரும்புகிறார், அதற்கு ஏன் இந்த ஆய்வுக்கூடம் என்பவற்றையே மாணவர் எழுதுதல் வேண்டும்.

கடிதம் எழுதும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. ‘நல்லொழுக்கமுடையவர்’ என்று எல்லார்க்கும் பொருந்துமாறு எழுதும் கடிதம் குழுவினருக்கு எதனையும் உணர்த்தாது. மாணவர் எந்தச் சோதனையைத் தாமே அமைத்தார், அது பொய்த்தபோது என் செய்தார் என்று இரண்டு வரி எழுத, அவரை அருகிருந்து கண்ட ஆசிரியராலேயே இயலும். அத்தகைய ஆசிரியரைத் தேடிக்கொள்வதற்கு, விண்ணப்பிக்கும் ஆண்டு காலங்கடந்ததாகும்.