பழைய ஸ்வெட்டரும் புதுக் குல்லாவும்

தூத்துக்குடியில் கம்பளிக் குல்லாவா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். உப்பளங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும் ஊர் அது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் கொழும்புக்குச் சென்ற காலத்தில் மாலுமிகளுக்குக் குளிரைப் பற்றிய கவலை இல்லை. இன்றோ முத்துக்குளித்துறை வாலிபர்கள் உலகெங்கும் செல்லும் கப்பல்களில் ஊழியம் செய்கிறார்கள். வடகடலில், மார்கழி இரவில், மேல்தளத்தில் நிற்பவனுக்குப் பருத்தித் துண்டு போதாது. நனைந்தால் அது உடலின் சூட்டையே கவர்ந்துவிடும். கம்பளியோ ஈரத்திலும் வெம்மை காக்கும்.

ஆகவே முழங்கை கிழிந்த ஸ்வெட்டரை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. அது அசல் ஆட்டு ரோமமா என்று முதலில் பார்க்கவேண்டும். செயற்கை நூலானால் இம்முறை பலிக்காது. சோப்புக் கரைத்த வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், நெடுநேரம் கசக்குக. ரோமத்தின் நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, துணி சுருங்கித் தடிக்கும். அலசி உலர்த்தியபின் வெட்டினால் இழை பிரியாது.

தலையின் சுற்றளவு 22 அங்குலமானால், 11½ அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள இரு துண்டுகள் போதும். ஸ்வெட்டரின் அடிவிளிம்பே குல்லாவின் விளிம்பாகட்டும். உச்சியை வளைவாக வெட்டுக. உட்புறம் வெளியே தெரியும்படி இரண்டையும் சேர்த்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, நெருக்கமாகக் கெட்டித் தையல் போட்டுத் திருப்பினால் குல்லா தயார். காதுகளை மூடுகிறதா என்று அணிவித்துப் பார்ப்பது அவசியம்.

கப்பலேறும் பிள்ளையின் பெட்டியில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், இதற்கும் சிறிது இடம் வைப்போமாக.