உக்கிராணக் கணக்கு

பொருளியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எகனாமிக்ஸ்' என்ற பெயரின் வேர், 'ஒய்கோனோமியா' என்னும் கிரேக்கச் சொல். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டு, தேவை, அளிப்பு வரைபடங்களுக்குச் சென்றுவிடுவது கல்லூரிகளில் வழக்கம். செனபோனும் அரிஸ்டாட்டிலும் இச்சொல்லை ஆண்டதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் குறிப்பிடும். கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் இச்சொல் எங்கே, எப்பொருளில் வருகிறது என்பதை எந்தப் பொருளியல் நூலும் சொல்லி நான் படித்ததில்லை. சமயத்தின் வழியாக அன்றி, என் பாடத்தின் பெயரைத் தேடிக்கொண்டுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

'ஒய்கோஸ்' என்றால் வீடு. 'நெமெய்ன்' என்றால் பங்கிடுதல், வகுத்தளித்தல், மேலாளுதல். வீட்டில் உள்ளதை முறையாக வகுத்து நடத்துவதே ஒய்கோனோமியா. இதில் பொருளீட்டல் என்ற கருத்து முதன்மையானதன்று. ஈட்டுவதற்கு அரிஸ்டாட்டில் வேறொரு சொல்லை வைத்திருந்தார்; இரண்டையும் குழப்பக்கூடாது என்றும் வற்புறுத்தினார். திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் (குறள் 385) பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், ஈட்டுதல், காத்தல் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக வகுத்தலை வைக்கிறார். அந்த நான்காவது சொல்தான் கிரேக்கச் சொல்லின் பின்பாதிக்கு மிக அருகில் நிற்பது.

இன்றைய கிரேக்கப் பதிப்புகளின்படி, புதிய ஏற்பாட்டில் ஒய்கோனோமியா 9 இடங்களிலும், அதைச் செய்பவனைக் குறிக்கும் 'ஒய்கோனோமோஸ்' 10 இடங்களிலும் வருகின்றன. தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஒய்கோனோமோஸ் என்பதற்குச் சில இடங்களில் 'விசாரணைக்காரன்' என்றும், பல இடங்களில் 'உக்கிராணக்காரன்' என்றும் எழுதுகிறது. இந்த இரண்டாவது சொல்லைக் கண்டபோது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஏற்பட்டன. காரணம், அது மயிலாப்பூரில் வாழ்பவர்களுக்கு நன்கு தெரிந்த சொல்.

மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் பழைய கல்யாண மண்டபங்களில், சமையற்கூடத்தை ஒட்டிப் பூட்டுப் போட்ட ஓர் அறை இருக்கும். அதுவே உக்கிராணம். அரிசி, பருப்பு, நெய், தேங்காய், முந்திரி, காப்பிப்பொடி எல்லாம் அதற்குள் இருக்கும். சாவி, குடும்பத்தில் நாணயமானவர் என்று பெயரெடுத்த ஒரு சித்தப்பாவின் இடுப்பிலோ, அத்தையின் முந்தானையிலோ இருக்கும். சமையற்காரர் கேட்கக் கேட்க அவர் அளந்து கொடுப்பார். சரக்கு அவருடையதன்று, விருந்தும் அவருடையதன்று. பந்தியில் நெய் குறைந்தால் பழி அவருக்கு. கல்யாணம் முடிந்தபின் நெய்ப்பாத்திரம் காணாமற்போனாலும் பழி அவருக்கே. இப்போது இலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவதால், அந்த அறை ஒப்பந்தக்காரரின் அறையாகிவிட்டது. சித்தப்பா நிம்மதியாக முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

கிரேக்கச் சொல்லின் உள்ளீடு இதுதான். ஒய்கோனோமோஸ் உரிமையாளன் அல்லன்; ரோமானியர் காலத்தில் அவன் பெரும்பாலும் அடிமையாகவே இருந்தான். ஆனாலும் வீட்டின் களஞ்சியம் அவன் கையில். லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், உடன் பணியாளர்களுக்கு உரிய நேரத்தில் தானியத்தை அளந்து கொடுப்பதே அவன் கடமை என்று வருகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'தானியம்', 'அளவு' என்று இரண்டாகும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் 'படி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. 'நமக்குப் படியளக்கிறவர்' என்று இன்றும் பேசுகிற மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஆனால், அதே லூக்காவின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் உக்கிராணக்காரன் சிக்கலானவன். அவன் எசமானனின் சொத்தை வீணடிக்கிறான் என்று புகார் வருகிறது. கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போ என்கிறான் எசமானன். இங்கே 'கணக்கு' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'லோகோஸ்'. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் இறைவார்த்தையைக் குறிக்கும் அதே சொல், இங்கே வரவு செலவுக் கணக்கைக் குறிக்கிறது.

வேலை போகப்போகிறது என்று தெரிந்த உக்கிராணக்காரன் கடனாளிகளை ஒவ்வொருவராக அழைக்கிறான். நூறு அளவு எண்ணெய் தரவேண்டியவனின் சீட்டில் ஐம்பது என்றும், நூறு அளவு கோதுமை தரவேண்டியவனின் சீட்டில் எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். நாளை இவர்கள் வீட்டில் தனக்கு இடம் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். எசமானன் அவனைத் தண்டிப்பான் என்று எதிர்பார்க்கிறோம். அவனோ அவனது சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறான். உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக இதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவற்றுள் என்னைக் கவர்ந்தது, இந்துச் சட்ட நூல்களில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த லண்டன் அறிஞர் ஜே. டங்கன் எம். டெரட் 1961-இல் வெளியிட்ட விளக்கம். யூதச் சட்டம் தம் இனத்தாரிடம் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. ஆகவே வட்டியைத் தனியே காட்டாமல் அசலோடு சேர்த்துச் சீட்டு எழுதினார்கள். உக்கிராணக்காரன் தள்ளிவிட்டது அந்த மறைந்திருந்த வட்டியை என்பது டெரட்டின் வாதம். அப்படியானால் ஐம்பது அளவு எண்ணெய்க்கு ஐம்பது வட்டி, அதாவது நூற்றுக்கு நூறு. எண்பது அளவு கோதுமைக்கு இருபது, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து. எண்ணெய்யில் கலப்படம் எளிது, தானியத்தில் கடினம் என்று கொண்டால் இந்த வேறுபாட்டுக்கும் காரணம் கிடைத்துவிடும். வாங்காத தொகைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

எனினும், டெரட் அந்த உக்கிராணக்காரனைச் சற்று அதிகமாகவே நல்லவனாக்கிவிட்டார் என்பது என் கருத்து. லூக்காவே அவனை அநீதியானவன் என்றுதான் அழைக்கிறார். பொருளியலில் இதை முதல்வர்–முகவர் சிக்கல் என்போம். பிறர் பொருளை ஆளும் முகவருக்குத் தெரிவதெல்லாம் முதல்வருக்குத் தெரியாது. இருவர் நலனும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஜென்சனும் மெக்ளிங்கும் 1976-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதே. வேலையின் கடைசி நாள்களில் இச்சிக்கல் மிகக் கடுமையாகும். நாளைய நற்பெயருக்காக இன்று நேர்மையாக இருக்கவேண்டிய தேவை அப்போது மறைந்துவிடுகிறது. இன்றைய நிறுவனம் என்றால் பணிநீக்கக் கடிதத்துக்கு முன்பே கடவுச்சொல்லை மாற்றியிருக்கும். எசமானன் சாவியை வாங்காமல் கணக்கை மட்டும் கேட்டான்.

சென்னைக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் வங்கி நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தார். மயிலாப்பூரில் இன்றும் இயங்கும் சம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும் அவரே.

இதைவிட வருத்தம் தருவது யோகான் பிலிப் பப்ரிசியஸின் கதை. 1740-இல் இந்தியா வந்து, பின் வேப்பேரியில் வாழ்ந்த இந்த ஜெர்மானியர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1772-இல் அச்சிட்டார்; 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டார். பின்வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கு அவருடைய நடையே அடித்தளம். தம் வாழ்வில் எளிமையானவர். ஆனால், மிஷனின் பணத்தையும் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்துவைத்தார். கடன் வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. தமக்கென்று எதுவும் சேர்த்துக்கொள்ளாத அந்த முதியவர், கடனுக்காகச் சிறையில் இருக்க நேர்ந்தது. 1791-இல் காலமானார். உக்கிராணக்காரன் பற்றிய பகுதிகளை ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டுத் தமிழாக்கிய மனிதர் அவர் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், தம்மையும் தம் தோழர்களையும் கடவுளின் மறைபொருள்களுக்கு உக்கிராணக்காரர்கள் என்கிறார். அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதாக அவர் சொல்வது ஒன்றே ஒன்று: நம்பத்தக்கவராயிருத்தல். நாணயமே போதும் என்று பவுல் கருதினார். பப்ரிசியஸின் வாழ்வோ, வரவேண்டிய பணம் வருமா என்று பார்க்கத் தெரிந்திருப்பதும் நம்பத்தக்கமையில் ஒரு பகுதி என்று காட்டுகிறது.

எபேசியருக்கு எழுதப்பட்ட கடிதத்தில் இச்சொல் வீட்டை விட்டு வெளியேறி விண்ணளவு விரிகிறது. காலங்கள் நிறைவுறும்போது எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் இறைவனின் ஏற்பாடே அங்கு ஒய்கோனோமியா. பழைய தமிழில் அது 'நியமம்'. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'திட்டம்'. ஐந்தாண்டுத் திட்டங்களைக் கற்பித்தே காலம் கழித்த எனக்கு, பின்னதைப் படிக்கும்போது புன்னகை வராமல் இல்லை.

அதே திருவிவிலியம், லூக்காவின் உக்கிராணக்காரனை 'வீட்டுப் பொறுப்பாளர்' ஆக்கியிருக்கிறது. பொருள் சரியானதே, இளைஞர்களுக்கு எளிதில் விளங்கவும் செய்யும். ஆனால், பொறுப்பாளர் என்ற சொல்லை மாவட்டப் பொறுப்பாளர், தொகுதிப் பொறுப்பாளர் என்று கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. அந்தப் பொறுப்பாளர்களிடம் கணக்குக் கேட்பவர் யார் என்பது நமக்குத் தெரிவதில்லை. அடுத்த திருத்தப் பதிப்பில் உக்கிராணக்காரனை மீண்டும் உள்ளே அழைத்து, சொல் புரியாதவர்களுக்காக ஓர் அடிக்குறிப்பைச் சேர்க்கலாம். களஞ்சியம், சாவி, படி, கணக்கு என்று நான்கு சொற்கள் அந்தக் குறிப்புக்குப் போதும்.